ஜப்பான் குட்டி லாரி



செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் ஒரு தொழிலாளியின் மனைவி எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். கணவருக்கு முதுகெலும்பில் கோளாறாம். இனிமேல் அரிவாள் கம்பைத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது. சுற்றியுள்ள தோட்டங்களுக்குக் காய்கறி, மீன் ஏற்றிச் சென்று விற்கலாம் என்று யோசிக்கிறார்கள். "பட்டணத்தில் ஒருவர் ஜப்பானிலிருந்து நேராகக் குட்டி லாரி இறக்கித் தருகிறேன் என்கிறார். முன்பணம் 3,000 வெள்ளி கேட்கிறார். கொடுக்கலாமா, வாத்தியார் ஐயா?" என்று கேட்டு, ஒரு படத்தையும் இணைத்திருக்கிறார்.

இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. ஏனென்று பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். படத்தைப் பார்த்ததும் எனக்கே ஆசை வந்துவிட்டது என்பதை மறைக்கப் போவதில்லை. ஜப்பானியர்கள் இதைக் 'கெய்' வண்டி என்பார்கள். போரில் நொடித்துப்போன நாட்டில் சாதாரண மக்களும் சிறு வியாபாரிகளும் வண்டி வாங்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று 1949இல் இந்த வகையைச் சட்டத்தில் சேர்த்தார்கள். எஞ்சின் இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது, நீளம் அகலம் இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது. அதற்குள் அடங்கினால் வரியில் சலுகை உண்டு. 1955இல் 360 சி.சி. என்றிருந்த எஞ்சின் அளவு 1976இல் 550 ஆயிற்று; 1990இல் 660 ஆயிற்று. இன்றும் அதுதான் எல்லை. நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர். நம் லயத்துச் சந்துக்குள்ளும் திரும்பிவிடும்! டைஹட்சு ஹைஜெட் 1960இலும், சுசுகி கேரி 1961இலும் வந்தவை. சுபாரு சம்பாரும் அதே காலத்து வண்டிதான். அங்கே நெல் வயலில், ஆரஞ்சுத் தோட்டத்தில், மீன்பிடித் துறையில் எங்கே பார்த்தாலும் இந்தக் குட்டி லாரிதான் நிற்கும்.

நமக்கும் இது முற்றிலும் அந்நியமல்ல. 1994இல் நம் நாட்டில் வந்த கன்சில் காடியில் இருந்ததும் 660 சி.சி. டைஹட்சு எஞ்சின்தான். ஆகவே நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு இந்த இனத்து எஞ்சின் புதிதல்ல. ஸ்டியரிங்கும் நம்மைப்போல் வலப்பக்கம்தான்.

ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஜப்பானில் இந்த லாரிக்கு அனுமதித்த பாரம் 350 கிலோ. பின்பலகையிலேயே அதை எழுதி ஒட்டியிருப்பார்கள். 50 கிலோ உர மூட்டையில் ஏழு ஏற்றினால் முடிந்தது. நம் ஆட்களோ லாரி என்றால் டயர் தரையைத் தொடும் வரை ஏற்றுகிறவர்கள்! பிறகு பிரேக் பிடிக்கவில்லை என்று வண்டியின் மேல் பழி போடுவார்கள். இன்னொன்று, ஓட்டுகிறவர் முன் சக்கரத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறார். காலுக்கு முன்னால் இருப்பது ஒரு தகரம் மட்டுமே. தோட்டச் சாலைக்கும் கம்பத்து வழிக்கும் சரி. நெடுஞ்சாலையில் ராட்சத லாரிகளுக்கு நடுவில் இதை ஓட்டிக்கொண்டு போகலாமா என்பதை வீட்டில் உட்கார்ந்து யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, இதைக் கப்பலில் இறக்கி நம் பெயரில் பதிய முடியுமா?

வெளிநாட்டு வண்டி எதுவாக இருந்தாலும், புதியதோ பழையதோ, இந்நாட்டுக்குள் வர 'ஏ.பி.' என்னும் இறக்குமதி அனுமதி வேண்டும். அதைத் தருவது முதலீடு, வாணிப, தொழில் அமைச்சு. அது பெரும்பாலும் அதற்கென்று அனுமதி பெற்ற நிறுவனங்களின் கையில் இருப்பது. தனி ஆள் ஒருவர் பெறுவதென்றால், வெளிநாட்டில் படித்தோ வேலை செய்தோ இருந்து, அங்கே தம் பெயரில் வைத்திருந்த வண்டியைத் திரும்பி வரும்போது கொண்டுவருகிறவராக இருக்க வேண்டும். நம்மில் எத்தனை பேருக்கு அது பொருந்தும்? அந்த அனுமதி இருந்தாலும் வேலை முடிந்துவிடுவதில்லை. ஜப்பானில் அந்த வண்டியின் பதிவை நீக்கியதற்கான ஏற்றுமதிச் சான்றிதழ் இருக்க வேண்டும். கிள்ளான் துறைமுகத்தில் சுங்க இலாகாவுக்குக் கே1 படிவம் கொடுக்க வேண்டும். இறக்குமதி வரியும் விற்பனை வரியும் கட்ட வேண்டும். வண்டி தொழில்நுட்பச் சோதனையில் தேற வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் சாலைப் போக்குவரத்து இலாகா, அதாவது ஜே.பி.ஜே., நம்பர் தந்து பதிவு செய்யும். ஜப்பானில் மலிவாகக் கிடைப்பது இருபது, முப்பது வயதான லாரி. அதற்காக இத்தனை வாசற்படி ஏறி இறங்க எந்த நிறுவனம் முன்வரும்? விலை மலிவு என்றால், இதில் ஏதோ ஒரு படியை யாரோ தாண்டிக் குதித்திருக்கிறார்கள் என்று பொருள்.

அமெரிக்காவிலும் இந்த லாரி மேல் விவசாயிகளுக்கு மோகம் உண்டு. அவர்கள் நாட்டுப் பாதுகாப்பு விதிக்கு உட்படாத வண்டியைக் கொண்டுவர வேண்டுமானால் அதற்கு 25 வயது நிறைய வேண்டும் என்று 1988இல் சட்டம் செய்தார்கள். 25 வயது நிறைந்து, வரியும் கட்டி, கப்பலில் இறக்கிய பிறகும் சில மாநிலங்கள் பதிவு செய்ய மறுத்தன. டெக்சஸ் மாநிலத்தில் வண்டிக்காரர்கள் கூடிப் போராடி, 2024இல்தான் வழி பிறந்தது. காசுள்ள நாட்டிலேயே கதை இப்படி என்றால் பாருங்கள்.

இனி, என் மனம் ஏன் ஒரு வரியில் பதில் எழுத இடம் தரவில்லை என்பதற்கு வருகிறேன்.

2014ஆம் ஆண்டு. என் மனைவியின் தம்பி வேலை செய்த தோட்டம் கை மாறியது. வீடமைப்புத் திட்டம் வருகிறது என்றார்கள். அவனுக்கு ஆட்குறைப்பு நட்ட ஈடாகக் கொஞ்சம் பணம் கிடைத்தது. அதை வைத்து இளநீர் வியாபாரம் செய்யப் போகிறேன் என்று ஒரு குட்டி லாரியைப் பார்த்து வைத்தான். விலை 11,500 வெள்ளி. பட்டறைக்காரர் ஒருவர் விற்றார், "நேரா ஜப்பான்ல இருந்து வந்தது, 660 சி.சி., கிராண்டு கிளியர்" என்று அடித்துச் சொன்னார்.

பணம் கொடுப்பதற்கு முந்தின நாள் மாலை அவன் கிராண்டை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். "அத்தான், நீங்க படிச்சவங்க. இதுல எல்லாம் சரியா இருக்கான்னு பாருங்க" என்றான்.

நான் பார்த்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மலாய் எழுத்தை வரி வரியாக வாசித்தேன். வண்டி எண் சரி. கம்பெனி பெயர் சரி. வங்கிக் கடன் எதுவும் குறிக்கப்படவில்லை, அதுவும் சரி. "தாராளமா வாங்குப்பா" என்று சொல்லி, தேநீர் கொடுத்து அனுப்பினேன்.

அந்தக் காகிதத்தில் எஞ்சின் அளவு 1000 சி.சி. என்று இருந்தது. விற்றவர் 660 என்று சொல்லியிருந்தார். பதிவான ஆண்டு 1984 என்று இருந்தது. வாசலில் நின்ற வண்டியின் முகமோ தொண்ணூறுகளின் முகம். பின்பலகையில் ஜப்பான் எழுத்தோடு 350 கிலோ என்ற ஒட்டுக் காகிதம்கூட உரியாமல் இருந்தது. பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கும் நான் இந்த மூன்றையும் கண்ணால் கண்டேன், சேர்த்துப் பார்க்கவில்லை. ஆசிரியர் பயிற்சி மக்தாப்பில் பாடக் குறிப்பு எழுதத்தான் கற்றுக்கொடுத்தார்கள். இது அங்கே கற்றுக்கொடுக்கிற சங்கதியும் அல்ல. இருந்தாலும் குனிந்து வண்டியின் அடியில் ஒரு முறை பார்த்திருக்கலாம் அல்லவா?

நடந்தது இதுதான். ஜப்பானிலிருந்து உதிரி பாகம் என்று சொல்லி வண்டியை வெட்டித் துண்டாக்கிக் கொண்டுவருகிறார்கள். இங்கே அதை ஒட்டவைத்து, இரும்புக் கடைக்குப் போன பழைய வண்டி ஒன்றின் கிராண்டையும் நம்பரையும் அதற்கு மாட்டிவிடுகிறார்கள். வண்டி உண்மையில் ஜப்பான் வண்டிதான். கிராண்டும் உண்மையில் ஜே.பி.ஜே. கொடுத்த கிராண்டுதான். இரண்டுக்கும் ஒட்டு உறவு கிடையாது.

பெயர் மாற்றலாம் என்று தம்பி கேட்கும்போதெல்லாம் பட்டறைக்காரர், "அவசரம் என்ன, ரோட் டெக்ஸ் நான் எடுத்துத் தரேன்" என்று தள்ளிப் போட்டார். அந்த ஒரு பேச்சே போதுமான அறிகுறி. பெயர் மாற்றப் போனால் வண்டி சோதனைக்குப் போக வேண்டும். சோதனையில் சேசிஸ் எண்ணைப் பார்ப்பார்கள். அதற்குப் பயந்துதான் அந்தத் தவணை.

பதினான்கு மாதம் வண்டி நன்றாக ஓடியது. ஒரு நாள் காலை, இளநீர் ஏற்றிக்கொண்டு வரும்போது சாலைத் தடுப்பு. அதிகாரி டார்ச் லைட்டை எடுத்து, கீழே குனிந்து, சேசிஸ் எண் இருந்த இடத்தைத் துணியால் துடைத்தார். வெல்டிங் போட்ட தழும்பு தெரிந்தது. அன்றே வண்டியைப் பறிமுதல் செய்தார்கள். இளநீரை மட்டும் இறக்கிக்கொள்ள விட்டார்கள். சாலை ஓரத்தில் இளநீர்க் குவியலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எனக்குத் தொலைபேசியில் பேசினான். "அத்தான், நீங்க பார்த்தீங்கல்ல?" என்று மட்டும்தான் கேட்டான். திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பட்டறைக்காரர், "நான் வித்தது ஸ்பேர் பார்ட்ஸ்" என்று கையை விரித்துவிட்டார். எழுத்தில் ஒன்றும் இல்லை. பாதிப் பணத்தை நான் கொடுக்கிறேன் என்றேன்; அவன் வாங்க மறுத்துவிட்டான். பிறகு என் மனைவி வழியாக மகளின் பள்ளிச் செலவு என்று சொல்லித்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ச் சேர்ந்தது. இன்றைக்கும் தீபாவளிக்கு வருவான், சிரித்துப் பேசுவான். ஆனால் எந்தக் காகிதத்தையும் என்னிடம் காட்டுவதில்லை.

ஆகவே, அம்மா, உங்கள் கேள்விக்குப் பதில்: முன்பணம் கொடுக்காதீர்கள். வண்டி வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்நாட்டிலேயே முறையாகப் பதிவாகி ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஹைஜெட்டோ, சுசுகி கேரியோ, கொஞ்சம் பெரிதாக டைஹட்சு கிரான் மேக்ஸோ தேடுங்கள். கிராண்டின் நகலை வாங்கிக்கொண்டு வண்டியின் பக்கத்தில் நின்று, எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஜப்பான் உள்நாட்டு வண்டியாக இருந்தால் 17 எழுத்து நீளமான எண் இருக்காது. மாடல் குறி, ஒரு சிறு கோடு, அதன் பிறகு எண் என்று இருக்கும். கிராண்டில் ஒரு மாதிரியும் இரும்பில் ஒரு மாதிரியும் இருந்தால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். எண் பொறித்த இடத்தில் புதுச் சாயம் பூசியிருந்தாலும் கிளம்பிவிடுங்கள். பெயர் மாற்றத்துக்கான பி5 சோதனை தேறிய பிறகு, விற்பவரும் உங்கள் கணவரும் சேர்ந்து ஜே.பி.ஜே.யில் பெயரை மாற்றும் நாளில் மீதிப் பணத்தைக் கொடுங்கள். அதற்கு மறுக்கிறவர் விற்பவரே அல்ல.

வியாபாரச் சாமான் ஏற்றுவதென்றால் இன்னொரு வாசலும் உண்டு. சொந்தச் சரக்கு ஏற்றுவதற்குச் சி உரிமம், பிறர் சரக்கை வாடகைக்கு ஏற்றுவதற்கு ஏ உரிமம் என்று 'அபாட்' எனும் தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனம் தருகிறது. நீங்கள் பார்த்து வைத்திருக்கும் வண்டியின் எடையைச் சொல்லி, எது வேண்டும் என்று வாங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வாணிப வண்டிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை சோதனைச் செலவும் இருக்கிறது; அதையும் கணக்கில் சேருங்கள். இன்சூரன்சை உங்கள் கணவர் பெயரில் எடுங்கள். பின்தட்டில் மட்டும் ஆட்களை ஏற்றாதீர்கள், திருவிழாவாக இருந்தாலும் சரி.

நீங்கள் அனுப்பிய படத்தில் வண்டியின் முகமும் மாலையும்தான் தெரிகின்றன. விற்பவரிடம் கேட்டு, சேசிஸ் எண் இருக்கும் இடத்தையும் கிராண்டின் முதல் பக்கத்தையும் தனித்தனியாகப் படம் எடுத்து, இரண்டையும் ஒரே உறையில் வைத்து அனுப்புங்கள். இந்த முறை நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.