தலைமன்னாரின் வரலாறு யாருடைய வரலாறு?

அண்மைக்காலமாகத் தலைமன்னாரைப் பற்றி எழுதுவோர் பலரும் ஒரே பல்லவியைப் பாடக் கேட்கின்றோம். கொழும்பு கோட்டையில் ஒரு சீட்டு வாங்கினாற் போதும், சென்னை எழும்பூரிற் சென்று இறங்கலாம். இரவெல்லாம் புகைவண்டியில் உறக்கம், விடிந்ததும் கப்பலிற் கடற்காற்று. ஆகா, அந்தப் ‘போட் மெயில்’ காலமே பொற்காலம்! இதுதான் அப்பல்லவி. அந்த வண்டியில் எவர் எந்தப் பெட்டியில் ஏறினர், எதற்காக ஏறினர், ஏறியோரில் எத்தனை பேர் தம் விருப்பத்தோடு ஏறினர் என்னும் வினாக்கள் மட்டும் அப்பல்லவியில் இடம்பெறுவதில்லை. இவ்வினாக்களை விலக்கிவிட்டு எழுதப்படுவது வரலாறு ஆகாது. அது வெறும் விளம்பரமே என்பது நமது கருத்து.

மன்னார்த் தீவின் மேற்கு முனையில், பனையும் மணலும் சூழ, மீன்பிடியை நம்பி வாழ்ந்த சிற்றூர் தலைமன்னார். மதவாச்சியில் வடபாதையினின்றும் பிரிந்து, மடு, முருங்கன், மன்னார் வழியாகச் சுமார் 106 கிலோமீற்றர் ஓடும் இருப்புப்பாதை 1914ஆம் ஆண்டில் இவ்வூரை வந்தடைந்தது. அதே ஆண்டு பெப்ரவரியில் அக்கரையிலே பாம்பன் பாலமும் திறக்கப்பட்டது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. இறங்குதுறையைச் சுற்றிப் ‘பியர்’ என்று மக்கள் வழங்கும் புதிய குடியிருப்பு உருவாயிற்று.

இத்துணைப் பெருஞ்செலவில், இத்துணை வறண்ட நிலத்தினூடே, ஆங்கில ஆட்சியினர் இருப்புப்பாதை இட்டது ஏன்? யாத்திரிகர் இராமேஸ்வரம் செல்ல வேண்டும் என்ற பக்தியினாலா? அன்று. மலைநாட்டுத் தோட்டங்களுக்குக் கூலியாட்கள் தேவைப்பட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, கோப்பிக் காலத்தில், தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கங்காணிமார் திரட்டி வந்த மக்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை வரை கால்நடையாகச் சென்றனர். வாந்திபேதியும் பசியும் அவர்களை வழிநெடுக வீழ்த்தின. வீழ்ந்தோருக்குக் கல்லறையுமில்லை, கணக்குமில்லை. ஆள் இழப்பு முதலாளிக்குப் பண இழப்பு. ஆதலால் விரைவாகவும் சேதமின்றியும் ‘சரக்கு’ வந்து சேர ஒரு வழி வேண்டியிருந்தது. தலைமன்னார்ப் பாதை அந்த வழியாக அமைந்தது.

போட் மெயிலின் பெருமை பேசுவோர் மண்டபம் முகாமைப் பற்றி ஏன் வாய் திறப்பதில்லை? தோட்டத்துக்கு வந்த தொழிலாளி அம்முகாமிலே தடுத்துவைக்கப்பட்டு, நோய்ச் சோதனைக்கு உள்ளாக்கப்பட்ட பின்னரே கப்பலேற்றப்பட்டான். எந்தத் தோட்டத்துக்கு உரியவன் என்பதைக் காட்டும் தகரச் சீட்டைக் கழுத்திலே கட்டி மனிதரை அனுப்பிய வழக்கமும் இருந்தது. கனவான் சட்டைப்பையில் வைத்திருந்ததும் சீட்டு. கூலியின் கழுத்திலே தொங்கியதும் சீட்டு. முன்னதைப் பற்றி மட்டும் எழுதிவிட்டுப் பின்னதை மறைப்பது எவ்வகை நேர்மை?

நம் கூற்றை மறுப்போர் ஒன்று சொல்லக்கூடும். “அக்கப்பலில் அறிஞர் வந்தனர், நூல்களும் சஞ்சிகைகளும் வந்தன, மாணவர் சென்னைக்கும் அண்ணாமலைக்கும் சென்று கற்று மீண்டனர்” என்பர். உண்மையே. ஈழத்துத் தமிழிலக்கியம் அவ்வழியாற் பெற்ற ஊட்டத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாதையின் செலவைத் தம் உழைப்பாற் செலுத்தியவர் தேயிலைத் தொழிலாளரே. நூல் வந்த வழியை நினைவிற் கொள்பவர், அதே வழியில் வந்த மனிதரை மறக்கலாகாது.

வரவழைத்த வாயிலே பின்னர் வெளியேற்றும் வாயிலாயிற்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையக மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964 ஒக்டோபரிற் கையொப்பமான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. பங்கிடப்பட்டவரை எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதே 1964ஆம் ஆண்டு டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. ஒப்பந்தத்தை அது அழிக்கவில்லை. கப்பல் இராமேஸ்வரத்துக்குத் திருப்பிவிடப்பட்டது. மலைநாட்டு நிலையங்களிலே உறவைப் பிரிந்து கதறியபடி மக்கள் ஏறிய வண்டியை அவர்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றனர். அக்கோச்சி வந்து நின்ற இடம் இந்தத் தலைமன்னார். பிறந்த மண்ணிலே அவர்கள் கடைசியாக மிதித்த பலகை இந்த இறங்குதுறைப் பலகை.

1984இற் கப்பல் நின்றது. 1990இற் போரினால் வண்டியும் நின்றது. அந்த ஆண்டு ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். மன்னார்த் தீவின் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீடுகளை விட்டுக் கடல்வழியே கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் சென்றனர். தமிழரின் பெயராலே இழைக்கப்பட்ட இந்த அநீதியைத் தமிழில் எழுதும் எவரும் மழுப்பக்கூடாது. ஏனையோரும் இருந்த இடத்தில் இருக்கவில்லை. போருக்கு அஞ்சிப் படகேறி அக்கரை சேர்ந்தோரை ஏற்ற இடம் எது? அன்று கூலிகளைத் தடுத்துவைத்த அதே மண்டபம்! மேலிருந்து சட்டமும் ஆயுதமும் மாறி மாறி ஆணையிட, கீழே மூட்டையைச் சுமந்தவர் என்றும் ஏழைகளே.

கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் இந்துக்களும், பணிக்கு வந்த சிங்களவரும், வண்டி வரும் நேரத்தைக் கொண்டே தம் நாளை வகுத்துக்கொண்ட ஊர் இது. மூட்டை சுமந்தவன், தேநீர் விற்றவன், தண்டவாளம் பழுதுபார்த்தவன், மீன்பெட்டி ஏற்றியவன் ஆகியோரின் கூட்டு உழைப்பே இவ்வூரின் சமூக வாழ்வு. அவ்வாழ்வு சிதைந்து கால் நூற்றாண்டு கழிந்தபின், 2015 மார்ச்சில் இந்தியப் பிரதமர் மோடி முன்னிலையில் வண்டி மீண்டும் பியரை வந்தடைந்தது. மகிழ்ச்சியே. ஆனால் தண்டவாளத்தைப் புதுப்பித்தவுடன் ஊர் புதுப்பிக்கப்பட்டதாகாது. திரும்பிவந்தோர்க்குக் காணி வேண்டும். கடலை நம்பியோர்க்குக் கடல் வேண்டும். பிள்ளைகளுக்குத் தொழில் வேண்டும்.

கப்பல் மீண்டும் வேண்டும், பாலமே வேண்டும் என்றெல்லாம் மேடைகளிற் பேசப்படுகின்றது. கடல்வழித் தொடர்பை நாம் எதிர்க்கவில்லை; வேண்டும் என்பதே நம் நிலை. ஆனால் அது யாருக்காக, எவரைக் கேட்டு, யாருடைய நிலத்தின் மேல் என்று கேட்கிறோம். நூறாண்டுக்கு மேலாக இவ்வாயிலைத் திறந்தவரும் மூடியவரும் வேறிடத்தில் இருந்தனர். இனியும் அவ்வாறே நிகழுமாயின், தலைமன்னார் மக்கள் மேடையிலே நின்று போகும் வண்டியைப் பார்ப்போராகவே இருப்பர்.

வழிகாட்டியோர் இல்லாமலில்லை. 2023 ஜூலை 28ஆம் நாள் மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து புறப்பட்டு, தம் முன்னோர் நடந்த பாதையிலே நடந்து, ஓகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தனர். ஏட்டிலே எழுதப்படாத வரலாற்றை அவர்கள் காலால் எழுதினர். எழுத்தாளரும் ஆசிரியரும் செய்யவேண்டிய பணி அதன் தொடர்ச்சியே. மாணவரை அழைத்துச் சென்று, பியரில் வாழும் முதியோரிடமும், புத்தளத்திலிருந்து மீண்டோரிடமும், தோட்ட லயங்களில் எஞ்சியோரிடமும் வாய்மொழிச் சான்றுகளைத் திரட்டுவோம். அவர்கள் மறைந்தபின் அழகிய பழங்கதை மட்டுமே மிஞ்சும். அதற்கு முன் உண்மை எழுதப்படல் வேண்டும்.