கைப்பேசியைப் பறித்தோம், பதிலுக்கு என்ன கொடுத்தோம்?



பள்ளிக்கு மாணவர்கள் கைப்பேசி கொண்டுவரலாமா, கூடாதா? நம் நாட்டில் இந்த வழக்கு பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துகொண்டிருக்கிறது. 2009-இல் கல்வி அமைச்சு வெளியிட்ட சுற்றறிக்கை, மாணவர்கள் பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவருவதையும் அதைப் பயன்படுத்துவதையும் தடுத்தது. 2012-இல் அனுமதிக்கலாம் என்ற பேச்சு எழுந்தது, எதிர்ப்பும் எழுந்தது. பிறகு 2025 அக்டோபர் 14-ஆம் நாள், பெட்டாலிங் ஜெயா வட்டாரத்தில் உள்ள ஓர் இடைநிலைப்பள்ளியில் 16 வயது மாணவி ஒருத்தி கத்திக்குத்துக்கு இரையானாள். தாக்கியவன் அதே பள்ளியைச் சேர்ந்த 14 வயது மாணவன். நாடே பதறியது. திறன்பேசித் தடையை இறுக்க வேண்டும் என்ற குரல் மீண்டும் ஓங்கி ஒலித்தது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் தடையை ஆதரிப்பவன். வகுப்பில் நடக்கும் சிறு பூசல், கைப்பேசியில் படமாகி மாலைக்குள் ஊரையே சுற்றிவந்து விடுகிறது. தோழன் என்று சொல்லிக்கொண்டு முன்பின் அறியாத ஆள் 12 வயதுப் பிள்ளையோடு இரவில் உரையாடுகிறான். 2017-இல் இயற்றப்பட்ட சிறார் பாலியல் குற்றச் சட்டம் இத்தகைய வலைவீச்சைத் தனிக் குற்றமாகவே ஆக்கியது என்றால், அதன் கொடுமையை எண்ணிப் பாருங்கள். தொடக்கப்பள்ளிப் பிள்ளையின் புத்தகப்பையில் இந்தக் கருவிக்கு இடமில்லை. இதில் எனக்கு ஐயமே கிடையாது.

என் ஐயம் வேறு. அதற்கு என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் பையில் கைப்பேசியைக் கண்டேன். விதிப்படி பறிமுதல் செய்து என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். “அம்மா வந்து கையொப்பமிட்டு வாங்கிக்கொள்ளட்டும்” என்றேன். அம்மாவுக்குத் தொழிற்சாலையில் வேலை. உடனே வர இயலவில்லை. மறுநாள் பிற்பகல் புறப்பாட நடவடிக்கை முடிந்தது. அவளை ஏற்றிச் செல்லும் வேன் வழியில் பழுதாகி நின்றுவிட்டது. அலுவலகத்தைப் பூட்டியாகிவிட்டது. ஆசிரியர்கள் கிளம்பிவிட்டோம், நானும்தான். பிள்ளைகள் எல்லாரும் போய்விட்டனர் என்று எண்ணிப் பாதுகாவலர் வாயிற்கதவைச் சாத்திவிட்டார். எதிரே இருந்த பேருந்து நிறுத்தத்தில், கொட்டும் மழையில், அந்தப் பிள்ளை ஒன்றரை மணி நேரம் தனியாக நின்றிருக்கிறாள். காரில் வந்த ஒருவர் “வீட்டில் கொண்டுபோய் விடட்டுமா?” என்று இருமுறை கேட்டிருக்கிறார். அவர் நல்லவரோ கெட்டவரோ, யாருக்குத் தெரியும்? அவள் ஏறவில்லை. அன்று அவளுடைய அறிவு அவளைக் காத்தது. பள்ளி காக்கவில்லை, நான் காக்கவில்லை.

அடுத்த நாள் அம்மா வந்தார். சண்டைக்கு வரவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “சார், போன் கொண்டு வந்தது தப்புதான். நீங்க எடுத்து வெச்சது சரி. ஆனா நேத்து எம்பொண்ணு யாரை, எப்படிக் கூப்பிட்டிருக்கணும்?”

என்னிடம் விடையில்லை. நம் பள்ளிகளில் எத்தனை பள்ளிகளிடம் இருக்கிறது?

ஒரு காலத்தில் பள்ளிகளில் சிற்றுண்டிச்சாலை ஓரமாகக் காசு போட்டுப் பேசும் தொலைபேசி இருந்தது. “அவசரம் என்றால் அதில் பேசிக்கொள்ளட்டும்” என்று பெற்றோரிடம் சொன்னோம். அந்தத் தொலைபேசிகள் மறைந்துவிட்டன. தடை மட்டும் நிற்கிறது. தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்!

பக்கத்து நாட்டைப் பாருங்கள். சிங்கப்பூரில் 2026 சனவரி முதல் இடைநிலைப்பள்ளி மாணவர்களும் பள்ளி நேரம் முழுவதும் திறன்பேசியைப் பயன்படுத்தக் கூடாது. ஓய்வு வேளையிலும் கூடாது. புறப்பாட வேளையிலும் கூடாது. ஆனால் கருவியைப் பையிலோ பள்ளி ஒதுக்கும் இடத்திலோ வைத்துக்கொள்ளலாம். பள்ளி விட்டதும் பிள்ளையின் கைக்கு அது திரும்பிவிடும். பயன்படுத்தத் தடை என்பது வேறு. கொண்டுவரவே தடை என்பது வேறு. கொண்டுவரவே கூடாது என்று சொல்லும் பள்ளி, வீடு சேரும்வரை அந்தப் பிள்ளைக்குப் பொறுப்பேற்க வேண்டாமா?

“அப்படியானால் கைப்பேசியை அனுமதித்துவிடுங்களேன்” என்று சில பெற்றோர் கேட்பீர்கள். கூடாது! பாதுகாப்புக்காகத்தான் வாங்கிக் கொடுத்தேன் என்கிறீர்கள். பேசுவதற்கு மட்டும் என்றால் பொத்தானை அழுத்திப் பேசும் சாதாரணக் கைப்பேசி போதுமே? இணையமும் விளையாட்டும் ஒளிப்படக் கருவியும் எதற்கு? பிள்ளை அழாமல் இருக்கக் கொடுத்ததற்குப் பாதுகாப்பு என்று பெயர் சூட்டாதீர்கள்.

ஆசிரிய நண்பர்களே, நமக்கும் சொல்கிறேன். பறிமுதல் செய்து பதிவேட்டில் எழுதுவதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. தடை வேண்டும் என்போர் அதற்கு ஈடாகக் கீழ்க்கண்டவற்றையும் செய்தாக வேண்டும்.

1. கடைசிப் பிள்ளை போகும்வரை, வாயிலில் உள்ள பாதுகாவலர் அறையில் மாணவர் பேசுவதற்கென ஒரு தொலைபேசி இருக்க வேண்டும். அலுவலகத்தோடு சேர்த்து அதையும் பூட்டிவிடக் கூடாது.

2. கடைசிப் பிள்ளை போகும்வரை ஓர் ஆசிரியர் பள்ளியில் இருக்க வேண்டும். முறைவைத்துக் கொண்டால் யாருக்கும் பெருஞ்சுமை ஆகாது.

3. காலையில் வராத பிள்ளையின் வீட்டுக்கு அன்று காலையிலேயே தகவல் போக வேண்டும். மூன்றாம் நாள் கடிதம் அனுப்பிப் பயனில்லை.

4. எந்தப் பிள்ளை எந்த வேனில் போகிறது, ஓட்டுநர் எண் என்ன என்ற பட்டியல் பள்ளியிடம் இருக்க வேண்டும்.

5. ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோரின் எண் மனப்பாடமாகத் தெரிய வேண்டும். ‘தாலியான் காசே’ உதவி எண் 15999-உம் தெரிய வேண்டும்.

கடைசியில் சொன்னதை எளிதென்று எண்ணாதீர்கள். என் வகுப்பில் ஒருநாள், “அம்மாவின் எண்ணைப் பார்க்காமல் எழுதுங்கள்” என்றேன். எழுதியவர்களைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். எண்ணெல்லாம் கருவியில் இருக்கிறது. பிள்ளையின் நெஞ்சில் இல்லை. இப்போது திங்கள்தோறும் வாய்பாடு ஒப்புவிப்பதுபோல் அதையும் ஒப்புவிக்கச் செய்கிறேன்.

இவற்றுக்கெல்லாம் புதிய சுற்றறிக்கை வேண்டியதில்லை. பெரும் பணமும் வேண்டியதில்லை. பெற்றோர்களே, அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொதுக்கூட்டத்திற்குத் தவறாமல் செல்லுங்கள். கைப்பேசித் தடையை எதிர்த்துப் பேச வேண்டாம். அன்று அந்தத் தாய் என்னிடம் கேட்டதை மட்டும் எழுந்து கேளுங்கள்: “வேன் வராத நாளில் என் பிள்ளை யாரை, எப்படிக் கூப்பிடும்?”

விடை கிடைக்கும்வரை உட்காராதீர்கள்.