அன்று துண்டு, இன்று பாஸ் புத்தகம்



மண்முனைத் துறையில் பாதைக்காகக் காத்துக் கிடந்து வாவியைக் கடந்த காலத்தை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபோது எல்லோரும் மகிழ்ந்தோம். ஆஸ்பத்திரி கிட்ட வந்தது, சந்தை கிட்ட வந்தது. படுவான்கரைப் பிள்ளைகள் எழுவான்கரைக்குப் படிக்கப் போவது இலகுவானது. அதே பாலத்தால் கிழமை தவறாமல் வருகிற இன்னொருவரும் இருக்கிறார். மோட்டார் சைக்கிளில், தோளில் பையுடன் வரும் அவர்தான் லோன் காசு அறவிடுகிறவர்.

அவர் வரும் நாளில் நடப்பது நமக்குத் தெரியும். ஒரு வீட்டு முற்றத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் கூடுகிறார்கள். ஒருத்தி மட்டும் வரவில்லை. அவளுடைய தவணை வரும்வரை ஒருவரும் எழும்பக் கூடாது என்கிறார் உத்தியோகத்தர். சோறு அடுப்பில், பிள்ளை பள்ளிக்கூடத்தில். கடைசியில் நான்கு பெண்கள் எழும்பி வராதவளின் படலைக்குப் போகிறார்கள். நேற்று வரை ஒரே தோட்டத்தில் கிடுகு பின்னியவர்கள், ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளியவர்கள். இன்று அவள் வாசலில் நின்று ஏசுகிறார்கள். உத்தியோகத்தர் ஒரு வார்த்தையும் பேசத் தேவையில்லை. அவருடைய வேலையை நம்மைக் கொண்டே செய்விக்கிறார்.

இதைப் பற்றி இந்த மடலில் எழுத நாம் பிந்திவிட்டோம். சம்பளம், சேமலாப நிதி, வேலைநீக்கம் என்றால் சங்கம் பேசும். கடன் என்றால் அது அவரவர் வீட்டு விஷயம் என்று ஒதுங்கினோம். அது நம் தவறு. சம்பளம் போதாத இடத்தில்தான் கடன் தொடங்குகிறது. ஆகவே கடனும் தொழிற்சங்கத்தின் விஷயமே.

துண்டுச் சீட்டின் கதை

தென்னிந்தியாவிலிருந்து கங்காணியின் பின்னால் வந்த தொழிலாளர் கடனோடுதான் இந்த நாட்டில் கால் வைத்தார்கள். வழிச்செலவும் முன்பணமும் கங்காணியின் கணக்கில் ஏறின. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போவதென்றால் துண்டு வேண்டும். 'இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் ஆட்களை விடுவிப்போம்' என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுத்தான் துண்டு. புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். தோட்டம் மாறும், துரை மாறுவார், கடன் மட்டும் தொழிலாளியின் தலையை விட்டு இறங்காது. 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் துண்டு முறை ஒழிந்தது.

1977 கலவரத்தில் அடிபட்டு மலையகத்தை விட்டுக் கிழக்குக்கு வந்தவர்களின் பிள்ளைகள் இந்தக் கதையைத் தாத்தா பாட்டி வாயால் கேட்டிருப்பார்கள். வாவிக்கரையிலேயே பிறந்து தென்னந்தோட்டத்திலும் கஜுத் தோட்டத்திலும் கூலிக்கு நிற்பவர்களுக்கு இது புதிதாக இருக்கலாம். ஆனால் பாஸ் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். உங்கள் பெயர், உங்கள் கடன், உங்களுக்காகப் பிணை நிற்பவர்களின் பெயர்கள். கங்காணியின் பேரேட்டில் இருந்ததும் இதுதான்.

கணக்கைப் பார்ப்போம்

ஒரு பெண் 50,000 ரூபா கடன் எடுக்கிறாள் என்று வைப்போம். 'நூற்றுக்கு 28 வட்டி, ஒரு வருடம், கிழமைத் தவணை' என்கிறார்கள். வட்டி 14,000. மொத்தம் 64,000. அதை 52 ஆல் பிரித்தால் கிழமைக்கு ஏறக்குறைய 1,231 ரூபா. கேட்பதற்குப் பெரிய தொகையாகத் தெரியாது.

ஆனால் 26ஆம் கிழமையில் அவள் பாதி முதலைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவளிடம் மீதி இருப்பது 25,000. வட்டி மட்டும் இன்னும் முழு 50,000க்கும் கணக்கிடப்படுகிறது. கடைசிக் கிழமையில் அவளிடம் மிஞ்சியிருப்பது ஆயிரம் ரூபாவுக்குக் கொஞ்சம் குறைவு; அப்போதும் வட்டி 50,000க்கே. குறைந்துவரும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் உண்மையான வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 50 அளவில் வந்து நிற்கும். ஆவணக் கட்டணம், காப்புறுதி என்று முதலிலேயே வெட்டிக்கொண்டு கொடுத்தால் அது இன்னும் ஏறும்.

இப்போது சம்பளத்தைப் பாருங்கள். 2024இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்கு வைக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. அப்படியானால் ஒரு கடனுக்குக் கிழமையில் கிட்டத்தட்ட ஒரு நாள் உழைப்புப் போகிறது. நான்கு கம்பனிகளில் நான்கு கடன் என்றால் நான்கு நாள். மீதி நாட்களில் என்ன சமைப்பது? மாரி மழையில் வாவி பெருகி வேலை நின்றுபோகும் மாதங்களில் தவணையை எங்கிருந்து கொண்டுவருவது? அதனால்தான் ஐந்தாவது கடன் எடுக்கிறாள். அதை வைத்து முதற் கடனின் தவணையைக் கட்டுகிறாள்.

'விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும்' என்று நமக்குப் புத்தி சொல்ல நிறையப் பேர் வருகிறார்கள். பெண்களுக்குக் காசைக் கையாளத் தெரியாதாம், நிதி அறிவு வகுப்பு நடத்த வேண்டுமாம். கூலியாகக் கிடைக்கும் சில நோட்டுகளை அரிசி, மருந்து, பள்ளிக்கூடம், செத்தவீடு என்று பிரித்து ஐந்து பேரை உயிரோடு வைத்திருப்பவளுக்கா கணக்குத் தெரியாது? சுனாமி அடித்து, யுத்தம் தின்று, ஆண் துணை இல்லாமல் போன குடும்பங்கள் நிறைந்த மாவட்டம் இது. யுத்தம் முடிந்ததும் இங்கே நிலையான தொழில் வரவில்லை, கடன் வந்தது. அடமானம் கேட்காமல் வீடு தேடி வந்த கடனை வாங்கியதற்குப் பெயர் பேராசையா?

நம் ஆண் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. பாஸ் புத்தகம் மனைவியின் பெயரில் இருக்கிறது. காசு எத்தனை வீடுகளில் கணவன் கைக்குப் போனது? தவணை நாளில் அவள் தனியே நிற்க, நீங்கள் தோட்டத்துப் பக்கம் நழுவுவது நியாயமா?

2018இல் நடந்தது

இது ஏதோ நாம் மட்டும் சொல்லும் கதை என்று நினைக்க வேண்டாம். 2018 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் ஹுவான் பாப்லோ போஹோஸ்லாவ்ஸ்கி இலங்கைக்கு வந்தார். ஆண்டுக்கு நூற்றுக்கு 220 வரை வட்டி வாங்கப்படுவதையும், அறவிட வருபவர்கள் பெண்களை மிரட்டுவதையும், காசுக்குப் பதிலாக உடலைக் கேட்பதையும் அவர் பதிவு செய்தார்.

அதே ஆண்டில் அரசு ஒரு நிவாரணம் அறிவித்தது. வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், மட்டக்களப்பும் உட்பட, ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத கடன் எடுத்து மூன்று மாதங்களுக்கு மேல் தவறிய பெண்களுக்குக் கடன் நீக்கப்படும் என்றார்கள். பயன் பெற்றவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் தோட்டை அடகு வைத்து, இன்னொருவரிடம் வட்டிக்கு வாங்கித் தவணையைத் தவறாமல் கட்டியவளுக்கு ஒன்றும் இல்லை. அவள் நேர்மைக்குத் தண்டனை. வட்டிக்கும் உச்ச வரம்பு என்று நூற்றுக்கு 35ஐ மத்திய வங்கி வைத்தது. யாருக்கு? தன் உரிமத்தின் கீழ் இருந்த நிறுவனங்களுக்கு. 2016ஆம் ஆண்டின் நுண்நிதிச் சட்டமோ வைப்புப் பணம் வாங்கும் நிறுவனங்களை நோக்கியே எழுதப்பட்டது. கடன் மட்டும் கொடுப்பவர்கள் வேலிக்கு வெளியே நின்றார்கள். யானைப் பசிக்குச் சோளப்பொரி போட்டுவிட்டு, பசி தீர்ந்தது என்று அறிக்கை விட்டார்கள்.

2021 மார்ச்சில் நம் பக்கத்து மாவட்டமான பொலன்னறுவையில், ஹிங்குராக்கொடையில், கடனால் பாதிக்கப்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகத்தில் குந்தினார்கள். ஐம்பது நாட்களுக்கு மேல் இருந்தார்கள். கடன் நெருக்கடியால் 200க்கும் மேற்பட்ட பெண்கள் உயிரை மாய்த்துக்கொண்டதாக அந்தப் பெண்களின் அமைப்பு சொன்னது. அவர்கள் பேசியது சிங்களம். பாஸ் புத்தகம் மட்டும் நம்முடையதேதான். அவர்கள் வெட்கத்தை விட்டு வீதிக்கு வந்தார்கள். நாம் இன்னும் படலையைச் சாத்திக்கொண்டு, மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் பிள்ளையை அனுப்பி 'அம்மா வீட்டில் இல்லை' என்று சொல்லவைக்கிறோம்.

கடன்காரர்களின் பெரிய பலம் நம்முடைய வெட்கம். ஒளிக்கும்வரை நாம் தனி. சொல்லிவிட்டால் நாம் பலர்.

இனிச் செய்ய வேண்டியது

'வாங்கினால் கட்டத்தானே வேண்டும்' என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறோம்: ஆம், கையில் வாங்கிய முதலையும் நியாயமான வட்டியையும் கட்டுவோம். கட்டாதே என்று நாம் யாரையும் தூண்டவில்லை. அடிமைப்படாதே என்கிறோம். அதற்கு இன்றே செய்யக்கூடியவை இவை.

முதலில் எல்லாக் கடனையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். யாரிடம், எந்தத் திகதி, கையில் வந்தது எவ்வளவு, கட்டியது எவ்வளவு, மீதி எவ்வளவு. நகை அடகும் கடைக் கணக்கும் அதில் வர வேண்டும். கணவனும் மனைவியும் சேர்ந்து இருந்து எழுதுங்கள். பழைய கடனைக் கட்டப் புதிய கடன் எடுப்பதை அன்றோடு நிறுத்துங்கள்.

ஒப்பந்தத்தின் பிரதியையும் கணக்குக் கூற்றையும் தமிழில் கேளுங்கள். தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தரும்படி எழுத்தில் கேளுங்கள், பிரதியை வைத்திருங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு ரூபாவும் கொடுக்க வேண்டாம். வெற்றுத் தாளிலோ வெற்றுக் காசோலையிலோ கையெழுத்து வைக்கவே வேண்டாம்.

தவணை பிந்துவது ஒரு சிவில் விவகாரம். அதற்காக உங்களைப் பொலிஸில் பிடித்துக் கொடுப்போம் என்று மிரட்டினால் பயப்பட வேண்டாம். நீதிமன்றக் கட்டளை இல்லாமல் வீட்டுத் தட்டுமுட்டைத் தூக்கிக்கொண்டு போக அறவிட வருபவருக்கு அதிகாரம் கிடையாது. பெண்ணிடம் தகாத பேச்சுப் பேசினால், கை வைத்தால், அது கடன் விஷயமல்ல, தண்டனைக்குரிய குற்றம். பொலிஸ் நிலையத்தின் மகளிர் பணியகத்துக்கு நாம் கூட வருகிறோம். மகளிர் உதவித் தொலைபேசி இலக்கம் 1938.

கடன் கொடுத்தது மத்திய வங்கியின் உரிமம் பெற்ற நிறுவனமா என்று பாருங்கள். அப்படியானால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிட்டு, பதில் சரியில்லாவிட்டால் மத்திய வங்கியின் நிதி வாடிக்கையாளர் தொடர்புப் பிரிவுக்கு 1935 இலக்கத்தில் முறையிடலாம். தனியார் வட்டிக்காரரோடு வரும் பிணக்கை மத்தியஸ்த சபைக்குக் கொண்டுபோகலாம். வழக்கு என்று கடிதம் வந்தால் அதைப் பெட்டிக்குள் ஒளிக்காமல் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குக் கொண்டுபோங்கள். வசதியற்றவர்களுக்காகவே அது 1978இன் சட்டத்தால் அமைக்கப்பட்டது.

மனம் உடைந்து, இனி வேண்டாம் என்று தோன்றும் இரவும் வரலாம். தனியே இருக்க வேண்டாம். 1926 என்ற மனநல உதவி இலக்கத்தை அழையுங்கள். பக்கத்து வீட்டைத் தட்டுங்கள். எந்தக் கம்பனியின் எந்தக் கணக்கும் ஒரு தாயின் உயிருக்கு ஈடாகாது.

சங்கம் செய்ய வேண்டியதும் உண்டு. ஒவ்வொரு கிளைக் கூட்டத்திலும் கடனுக்கென்று ஒரு மணித்தியாலம் ஒதுக்க வேண்டும். கொப்பியோடு வருபவருக்குக் கணக்குப் பார்க்கவும், கடிதம் எழுதவும், கூடப் போகவும் ஆள் வேண்டும். சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கும் ஊர்களில் நம் அங்கத்தவர்கள் சேர வேண்டும், இல்லாத ஊர்களில் தொடங்க வேண்டும். அங்கே வரும் வட்டி நம்மிடமே திரும்பி வரும்.

அரசிடம் நாம் கேட்பது இதுதான். கடன் கொடுக்கும் ஒவ்வொருவரும், சிறியவரோ பெரியவரோ, சட்டத்துக்குள் வர வேண்டும். உண்மையான வட்டியைத் தமிழில், பெரிய எழுத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒருத்தியின் கடனுக்கு அயலாரைக் காவல் வைக்கும் முறை ஒழிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உழைக்கும் நாளுக்கு உயிர் வாழப் போதுமான சம்பளம் வேண்டும்.

துண்டு தானாக ஒழியவில்லை, ஒழிக்கப்பட்டது. அடுத்த தவணை நாளில் உங்கள் குழுவில் ஒருத்தி வராவிட்டால் அவள் படலைக்குப் போங்கள். ஏசுவதற்குப் போகாமல், 'கொப்பியை எடு, சங்கத்துக்குப் போவோம்' என்று சொல்வதற்குப் போங்கள்.