"வந்தபடியே அனுப்பினேன்" என்பது விடையாகுமா?



நம் காலத்துச் சபைகளில் ஒரு வாக்கியம் பாவமன்னிப்புச் சீட்டைப் போலப் புழங்கிவருகிறது. "எனக்கு வந்ததை வந்தபடியே அனுப்பினேன், நானாக எதையும் சேர்க்கவில்லை" என்பதே அந்த வாக்கியம். பொய்யான செய்தி ஒன்றைச் சபையின் வாட்ஸ்அப் குழுவில் இட்டவரிடம், "இது உண்மையா?" என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் ஒன்பது பேர் இந்தச் சீட்டையே நீட்டுவார்கள். பத்தாமவர், "ஜெபிக்கத்தானே அனுப்பினேன்" என்பார். இவ்விரண்டு சீட்டுகளும் தேவனுடைய சமுகத்தில் செல்லாதவை என்பதே இந்த வாரத் தியானத்தின் பொருள்.

முதலில் ஜெபத்தின் பெயரால் நடப்பதைப் பார்ப்போம். 2010ஆம் ஆண்டையொட்டி உலகெங்கும் கிறிஸ்தவர்களிடையே ஒரு ஜெப விண்ணப்பம் சுற்றிவந்தது. இந்தியாவில் பவுத்தத் தீவிரவாதிகள் நேற்றிரவு 20 ஆலயங்களை எரித்துவிட்டார்கள் என்றும், இன்றிரவு "ஒலிசபாங்" என்னும் மாகாணத்தில் 200க்கும் மேற்பட்ட ஆலயங்களை அழிக்கவிருக்கிறார்கள் என்றும், அடுத்த 24 மணி நேரத்தில் 200 மிஷனரிகள் கொல்லப்படுவார்கள் என்றும் அது சொன்னது. இந்தியாவில் ஒலிசபாங் என்றொரு மாநிலமும் இல்லை, மாவட்டமும் இல்லை. பள்ளிக்கூடத்து நிலப்படத்தை ஒருமுறை விரித்துப் பார்த்திருந்தால் போதும்; அந்தச் செய்தி அங்கேயே நின்றிருக்கும். ஆனால் அது பல ஆண்டுகள் ஓடியது. அதில் தேதியே இல்லாததால், "நேற்றிரவு" என்ற சொல்லுக்கு வயதே ஏறவில்லை. வாசித்த ஒவ்வொருவருக்கும் அது புதிய நேற்றிரவாகவே இருந்தது.

இன்னொன்றும் உண்டு. 2007 ஜூலையில் ஆப்கானிஸ்தானில் தென்கொரியத் திருச்சபை ஒன்றின் தொண்டர்கள் 23 பேரைத் தலிபான்கள் சிறைப்பிடித்தார்கள். இருவர் கொல்லப்பட்டார்கள், மற்றவர்கள் ஆகஸ்டு மாத இறுதிக்குள் விடுவிக்கப்பட்டார்கள். இது மெய்யான துயரம். ஆனால் அதற்குப் பின்வந்த ஆண்டுகளில், "22 மிஷனரிகள் நாளை கொல்லப்படப் போகிறார்கள்" என்ற அவசரச் செய்தி மீண்டும் மீண்டும் உயிர்பெற்று வந்தது. முடிந்துபோன ஒரு துயரத்தின் மேல் பொய்யை ஒட்டுப்போட்டு, விசுவாசிகளின் கண்ணீரை வாங்கினார்கள்.

"பொய்யே ஆனாலும் ஜெபித்ததில் என்ன கெடுதி?" என்று நீங்கள் கேட்கலாம். நம்முடைய ஜெபத்தில் உள்ள தகவல் பிழையால் தேவன் வழிதவறிப் போவதில்லை, அது உண்மை. கெடுதி நமக்கும் நம் அயலானுக்கும் நேர்கிறது. எந்தக் குற்றமும் செய்யாத ஒரு சமயத்தார் மேல், அவர்களைக் கண்ணாலும் காணாத ஆயிரம் குடும்பங்களின் உள்ளத்தில் வெறுப்பு விதைக்கப்படுகிறது. அடுத்து, மெய்யான கூக்குரல் செவியேறாமல் போகிறது. 2008இல் ஒடிசாவின் கந்தமால் மாவட்டத்தில் ஆலயங்களும் வீடுகளும் மெய்யாகவே எரிந்தன. மக்கள் உயிருக்கு அஞ்சிக் காடுகளுக்குள் ஓடினார்கள். அப்படிப்பட்டவர்களின் சாட்சியை உலகம் கேட்க வேண்டிய நாளில், "இதுவும் உங்களுடைய இன்னொரு ஒலிசபாங்தானே" என்று ஒருவன் சொன்னால், அந்த ஏளனத்திற்கு வழி திறந்துவிட்டவர்கள் யார்?

சில வேளைகளில் விலை இதைவிடக் கொடியது. 2018 மே மாதத்தில், குழந்தை கடத்துபவர்கள் ஊருக்குள் நுழைந்துவிட்டார்கள் என்ற செய்தி தமிழ்நாட்டின் வடமாவட்டங்களில் கைப்பேசிகள் வழியாகப் பரவியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பம் வழியில் இறங்கியது. அவர்களில் 65 வயது மூதாட்டி ஒருவர் அங்கிருந்த பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அதற்காக அவர் அடித்துக் கொல்லப்பட்டார். அதே வாரம் பழவேற்காட்டில் இன்னொருவர் கொல்லப்பட்டார். ஜூலை முதல் நாளில் மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ஐந்து பேர் ஒரே கூட்டத்தின் கையால் மாண்டார்கள்.

அந்த ஆண்டில் நாடெங்கும் பரவிய காணொளிகளுள் ஒன்றைக் கவனியுங்கள். மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிச் செல்கிறார்கள். காண்பவர் நெஞ்சு பதறும். ஆனால் அது பாகிஸ்தானின் கராச்சியில், பிள்ளைகளின் பாதுகாப்பைக் குறித்து எச்சரிப்பதற்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அந்த இருவரும் திரும்பிவந்து சிறுவனை இறக்கிவிட்டு, எச்சரிக்கை வாசகம் எழுதிய பலகையைக் காட்டுவார்கள். யாரோ ஒருவர் அந்த முடிவை வெட்டிவிட்டார். எஞ்சிய காட்சிகளில் ஒட்டுவேலை ஏதுமில்லை. நீக்கப்பட்ட சில நொடிகளில்தான் பொய் இருந்தது. அதைப் பகிர்ந்த லட்சக்கணக்கானோரும் வந்ததை வந்தபடியேதான் அனுப்பினார்கள்.

யாத்திராகமம் 23ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தைத் திறந்து வாசியுங்கள். பொய்யைப் புனைகிறவனோடு அந்தக் கட்டளை நின்றுவிடவில்லை. அதை ஏற்றுக்கொள்கிறவனுக்கும், அநீதிக்குத் துணைநின்று சாட்சி சொல்கிறவனுக்கும் அது நேராகப் பேசுகிறது. புனைகிறவன் ஒருவன், ஏற்பவர்கள் ஆயிரம் பேர். ஏற்பவர் இல்லாவிட்டால் புனைந்தவன் தன் அறையிலேயே கத்திக்கொண்டிருப்பான்.

தொடர்பியல் படிக்கும் மாணவருக்கு முதல் வகுப்பில் சொல்லித்தரும் பாடம் ஒன்று இங்கே நமக்கு உதவும். 1948இல் ஹெரால்ட் லாஸ்வெல் என்னும் அமெரிக்க அறிஞர், எந்தச் செய்தித் தொடர்பையும் ஐந்து கேள்விகளால் ஆராயலாம் என்றார்: சொல்பவர் யார், சொல்லப்படுவது என்ன, எந்த வழியாக, யாரிடம், என்ன விளைவோடு. "வந்தபடியே அனுப்பினேன்" என்பவர் தம்மை மூன்றாவது கேள்விக்குரிய வெறும் வழியாக, தண்ணீர் ஓடும் குழாயாக எண்ணிக்கொள்கிறார். ஆனால் பெறுகிறவருடைய திரையில் யாருடைய பெயர் தெரிகிறது? முதலில் எழுதியவனுடைய பெயர் அங்கே இல்லை. செயலாளர் ஐயா பெயர் தெரிகிறது. ஞாயிறு பள்ளி அக்கா பெயர் தெரிகிறது. "அக்கா அனுப்பியிருக்கிறார், சரியாகத்தான் இருக்கும்" என்று நம்பியே அடுத்தவர் அதை அனுப்புகிறார். அறிமுகமற்ற ஒருவனுடைய பொய்க்கு உங்கள் இருபதாண்டு நற்பெயர் முத்திரையாகிறது. அனுப்பிய நொடியிலேயே நீங்கள் முதல் கேள்விக்கு இடம் மாறிவிட்டீர்கள். இப்போது சொல்பவர் நீங்களே.

இது கைப்பேசியோடு பிறந்த நோய் என்று இளைஞர்மேல் பழியைப் போட்டுவிடவும் முடியாது. 1980களில் அமெரிக்கச் சபைகளில், புராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனம் தன் இலாபத்தைச் சாத்தான் வழிபாட்டுக்குக் கொடுக்கிறது என்ற வதந்தி துண்டுத்தாள்களில் பரவியது. அதில் துளியும் உண்மை இல்லை. அந்தப் பொய்யைப் பரப்பியதாகத் தொடரப்பட்ட வழக்கு ஒன்றில், 2007இல் அந்நிறுவனத்துக்கு 1 கோடியே 92 லட்சத்து 50 ஆயிரம் டாலர் இழப்பீடு தர வேண்டுமென்று தீர்ப்பாயிற்று. சாத்தானை எதிர்ப்பதாக எண்ணிக்கொண்டே பொய்க்குப் பிதாவானவனின் வேலையைச் செய்தவர்கள் அவர்கள். கொரோனா தடுப்பூசியில் 666 ஒளிந்திருக்கிறது என்று பகிர்ந்தவர்கள் அவர்களுடைய வழித்தோன்றல்கள்.

பிறர் நம்மைப் பற்றிப் பொய் பரப்பும்போது நமக்கு வலிக்கிறது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று வடமாநிலங்களில் காணொளிகள் பரவின. வேறு இடங்களில் வேறு காரணங்களுக்காக நடந்த சம்பவங்களை எடுத்து அவற்றுக்குத் தமிழ்நாட்டின் பெயரைச் சூட்டியிருந்தார்கள். தொழிலாளர்கள் அஞ்சினார்கள்; பீகார் அரசு அதிகாரிகள் குழுவை இங்கே அனுப்பியது; காவல்துறை மறுப்பு வெளியிட்டது. "விசாரிக்காமல் எப்படி இப்படிப் பரப்பினார்கள்?" என்று அன்று நாம் கொதித்தோம். நமக்குப் பிறர் செய்யக் கூடாதென்று நினைப்பதை நாமும் பிறருக்குச் செய்யாதிருப்பதுதானே நம்முடைய ஆண்டவர் போதித்ததன் மறுபக்கம்?

"எல்லாவற்றையும் சந்தேகிப்பது அவிசுவாசம் அல்லவா?" என்று சிலர் கேட்கிறார்கள். தேவன்மேல் வைக்கும் விசுவாசத்தை, பெயர் தெரியாத ஒருவனின் குரல்பதிவுமேல் வைக்க வேண்டுமென்று எந்த வேதவசனம் சொல்கிறது? பவுலின் பிரசங்கத்தையே தினந்தோறும் வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டுச் சோதித்த பெரோயா பட்டணத்தாரை வேதம் கடிந்துகொள்ளவில்லை. நற்குணசாலிகள் என்று பாராட்டுகிறது. லூக்கா தம் சுவிசேஷத்தை, ஆதிமுதல் திட்டமாய் விசாரித்தறிந்ததைக் கூறித் தொடங்குகிறார். பவுல் எழுதியதாகச் சொல்லிக்கொண்டு போலிக் கடிதங்கள் வரக்கூடும் என்பதால், தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் முடிவில் அவர் தம் கையெழுத்தையே அடையாளமாகக் காட்டுகிறார். ஆதிச்சபைக்குத் தெரிந்திருந்த எச்சரிக்கையை நாம் ஏன் மறந்தோம்?

யோசுவா 22ஆம் அதிகாரத்தை இந்த வாரம் குடும்பமாக வாசியுங்கள். ரூபன், காத் கோத்திரத்தாரும் மனாசேயின் பாதிக் கோத்திரத்தாரும் யோர்தானருகே பெரிய பீடம் ஒன்றைக் கட்டினார்கள் என்ற செய்தி மற்றக் கோத்திரங்களை எட்டியது. அவர்கள் யுத்தத்திற்காகச் சீலோவில் கூடிவிட்டார்கள். ஆனால் பட்டயம் உருவும் முன்னே பினெகாசையும் பத்துப் பிரபுக்களையும் நேரில் அனுப்பிக் கேட்டார்கள். அது பலிபீடமாகக் கட்டப்படவில்லை, வருங்காலச் சந்ததிக்குச் சாட்சியாகக் கட்டப்பட்டது என்ற விடை கிடைத்தது. யுத்தம் நின்றது. அவர்கள் கேள்விப்பட்ட செய்தி பொய்யன்று என்பதைக் கவனியுங்கள். பீடம் இருந்தது மெய். அதற்குக் கற்பித்த பொருள்தான் பொய். கராச்சிக் காணொளியின் கதையும் இதுவே.

இதற்கு மாறாகத் தாவீது நடந்துகொண்டதையும் பாருங்கள். சீபா சொன்ன ஒருதலைப்பட்சமான சொல்லைக் கேட்ட அந்த நிமிடமே, மேவிபோசேத்தின் ஆஸ்தி முழுவதையும் சீபாவுக்குக் கொடுத்துவிட்டார். பின்பு மேவிபோசேத் நேரில் வந்து தன் பக்கத்தைச் சொன்னபோது, நிலத்தை இருவருக்கும் பங்கிடச் சொல்வதோடு நிறுத்திக்கொண்டார். விசாரியாமல் எடுத்த முடிவின் சேதம் பின்னால் முழுவதும் சரியாவதில்லை.

"எங்களுக்குப் படிப்பில்லை, இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்பதும் சாக்கே. ஊடகங்களைப் புரிந்துகொள்ளும் கல்வி எல்லாருக்கும் வேண்டுமென்று 1982இலேயே ஜெர்மனியின் குருன்வால்டு நகரில் யுனெஸ்கோ கூட்டிய அறிஞர்கள் அறிக்கை வெளியிட்டார்கள். கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் 2018இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கே பொய்ச்செய்தியை அடையாளம் காணக் கற்றுக்கொடுத்தார்கள். பள்ளிப் பிள்ளை கற்றுக்கொள்வதைச் சபையின் மூப்பர் கற்க முடியாதா?

செய்ய வேண்டியவை சிலவே. செய்தியை முதலில் சொன்னவர் யார் என்று தேடுங்கள். "ஒரு மருத்துவர் சொன்னார்", "ஒரு ஊழியர் தரிசனம் கண்டார்" என்பவை பெயர்கள் ஆகா. தேதியும் இடமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். படமானால், கூகுள் லென்ஸில் இட்டு அது முன்பு எங்கே வெளிவந்தது என்று தேடுங்கள். உங்கள் பேரப்பிள்ளை ஒரு நிமிடத்தில் கற்றுத்தருவான். குற்றஞ்சாட்டப்பட்டவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். மத்திய அரசுக்கும் தமிழ்நாடு அரசுக்கும் தகவல் சரிபார்ப்புப் பிரிவுகள் உண்டு; பார்க்கலாம். ஆயினும் அரசு சொல்வதும் ஒரு தரப்பின் கூற்றே. அதையும் இன்னொரு சாட்சியோடு ஒப்பிடுங்கள். இரண்டு மூன்று சாட்சிகளின் வாக்கால் காரியம் நிலைவரப்பட வேண்டும் என்ற நியாயம் நமக்குப் புதியதன்று.

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட உரையாடல்களைக் கடந்து வந்தது என்று பொருள். 2018இல் அந்நிறுவனம் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் பகிர முடியாதபடி கடிவாளம் போட்டது; 2020இல் பலமுறை பகிரப்பட்டவற்றை ஒவ்வொரு உரையாடலாகத்தான் அனுப்ப முடியும் என்றாக்கியது. அந்தக் கடிவாளத்திற்குத் தப்ப, செய்தியை நகலெடுத்துப் புதிதாய் எழுதியது போல ஒட்டி அனுப்புகிற விசுவாசிகள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைக் கேட்கிறேன்: இப்போதும் நீங்கள் வந்தபடியேதான் அனுப்புகிறீர்களா?

பிரசங்க பீடம் இதற்கு விலக்கன்று. ஆதாரமில்லாத அற்புதச் சாட்சியும், விஞ்ஞானி ஒருவர் மனந்திரும்பியதாக எவரோ கட்டிய கதையும் பீடத்திலிருந்து வரும்போது அவற்றுக்குக் கூடுதல் அதிகாரம் கிடைத்துவிடுகிறது. ஆகவே கேட்கிறவர்கள் போதகரிடமும் "ஐயா, இது எங்கே வந்தது?" என்று மரியாதையோடு கேட்க வேண்டும். கேட்டால் கோபிக்கிற போதகர் பெரோயா பட்டணத்தில் ஒரு வாரமும் நிலைத்திருக்க மாட்டார்.

கடைசியாக ஒன்று. பொய்யென்று தெரிந்த பின், செய்தியைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டால் போதாது. சகேயு, தான் அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பித் தருவேன் என்றான். நீங்களும் எந்தக் குழுவில் பொய்யை இட்டீர்களோ அதே குழுவில், அதே உரத்த குரலில், "நான் அனுப்பியது உண்மையன்று, நீங்கள் வேறெங்கும் அனுப்பியிருந்தால் அங்கும் சொல்லிவிடுங்கள்" என்று எழுதுங்கள். அதை எழுத நாணுகிறவர், அடுத்த முறை அனுப்பும் முன்பே நாணிக்கொள்வது நலம்.

சத்தியமுள்ள தேவன் நம் நாவுக்கு வைக்கும் காவலை நம் விரல்களுக்கும் வைப்பாராக. நம் அவசரத்தால் எந்த அயலானும் அடிபடாதபடிக்கும், நம் சாட்சி எந்த நாளிலும் ஏளனமாகாதபடிக்கும் அவர் நம்மைக் காப்பாராக. ஆமென்.