பாட்டியையும் அழைத்துப் போங்கள்



கோடை விடுமுறை வந்துவிட்டது. "பிள்ளைகளைச் சென்னையில் எங்கே கூட்டிப்போகலாம்?" என்று கேட்கும் கடிதங்களும் வந்துவிட்டன. மாலும் பீச்சும் நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. என் ஓட்டு எழும்பூர் மியூசியத்துக்கு. பழைய மெட்ராஸ்காரர்கள் 'செத்த காலேஜ்' என்பார்களே, அதுவேதான்.

1851-ல் நுங்கம்பாக்கத்தில், கோட்டைக் கல்லூரியின் மாடியில், 1,100 கல், கனிம மாதிரிகளோடு தொடங்கியது அது. பொறுப்பேற்றவர் எட்வர்ட் பால்ஃபர் என்ற ராணுவ டாக்டர். சேகரிப்பு பெருகி இடம் போதாமல், 1854-ல் எழும்பூர் பாந்தியனுக்கு மாற்றினார்கள். துரைமார்களும் துரைசானிகளும் நடனம், நாடகம், விருந்து என்று பொழுதுபோக்கிய மாளிகை அது. பாந்தியன் சாலைக்குப் பெயர் கொடுத்ததும் அதுதான்.

பால்ஃபர் ஜனங்களின் மனசு தெரிந்தவர். கல்லைப் பார்க்க எத்தனை பேர் வருவார்கள்? உயிருள்ள புலியையும் சிறுத்தையையும் கொண்டுவந்து வைத்தார், கூட்டம் அள்ளியது. ஆற்காட்டு நவாபிடம் பேசி, அவர் வளர்த்த விலங்குகளையும் கேட்டு வாங்கினார். அந்தக் கூண்டுகள்தான் 1863-ல் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய் 'உயிர் காலேஜ்' ஆகி, பின்னாளில் வண்டலூருக்குக் குடிபெயர்ந்தன.

சிவப்புக் கட்டடங்களின் அழகிலேயே மயங்கி, வாசலில் செல்ஃபி எடுத்து நேரத்தைத் தொலைத்துவிடாதீர்கள். நேராகத் திமிங்கலத்திடம் போங்கள். 1874-ல் மங்களூர்க் கரையில் ஒதுங்கியது. ஏறக்குறைய 60 அடி நீள எலும்புக்கூடு. எல்லோரும் நீளத்தைப் பார்த்து வாயைப் பிளந்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நீங்கள் பிள்ளைகளுக்கு அதன் துடுப்பைக் காட்டுங்கள். திமிங்கலத் துடுப்பின் எலும்பைப் பார்த்தால் தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல்கள் என நம் கையின் அமைப்பு அப்படியே தெரியும். என்னைக் கேட்டால், பரிணாமப் பாடத்தின் பத்துப் பக்கத்தை அந்தத் துடுப்பு ஒரு நிமிடத்தில் நடத்திவிடும்.

இன்னொன்று. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவசியம் அழைத்துப் போங்கள். காணும் பொங்கலன்று அங்கே போய்ப் பாருங்கள். கிராமங்களிலிருந்து வண்டி வண்டியாக வந்து இறங்கும் கூட்டத்தைப்போல, அங்கே பாடம் செய்து வைத்திருக்கும் விலங்குகளை ரசிப்பவர்கள் வேறு யாருமில்லை; அவற்றை ஊரில் உயிரோடு பார்த்துப் பழகியவர்கள் ஆயிற்றே. "இது நம்ம ஏரிக்கரையில கெடந்த ஜாதிதான்டா" என்று உடும்பைக் காட்டிப் பேரனிடம் ஒரு பாட்டி சொல்ல, எதிரே பெயர்ப்பலகையை மும்முரமாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த கல்லூரி மாணவி எழுதுவதை நிறுத்திவிட்டுப் பாட்டி பக்கம் திரும்பியதை ஒருமுறை பார்த்தேன். எந்த ஏரி, எந்த வருஷம், ராத்திரியில் வருமா பகலில் வருமா என்று அந்தப் பெண் கேட்ட கேள்விக்கெல்லாம் பாட்டியிடம் பதில் இருந்தது.

வெள்ளிக்கிழமை விடுமுறை, மற்ற நாளில் கிளம்புங்கள். எந்தப் பேழை முன்னால் நின்று உங்கள் வீட்டுப் பெரியவர் பேசத் தொடங்கினார், என்ன சொன்னார் என்பதை எங்களுக்கு எழுதுங்கள். இரண்டு பக்கம் ஒதுக்கிவைத்திருக்கிறோம்; கடிதங்கள் கூடினால் நான்காக்கிவிடலாம்.

அன்புடன்,
ஆசிரியர்