தையல் பிரித்ததோடு கைகழுவலாமா?



உலகில் வாய்ப்புற்றுநோய்க்கு ஆளாவோரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியர்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருவதால், ஏழைகளுக்கும் அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் கிடைக்கின்றன. இதற்கு நன்றி சொல்லியே ஆக வேண்டும். ஆனால், தையல் பிரித்த பிறகு நோயாளி எப்படிச் சாப்பிடுவார், எப்படிப் பேசுவார் என்று கேட்க ஆளில்லை.

என் கணவருக்கு நாக்கின் ஒரு பக்கத்தை எடுத்து, முன்கைச் சதையை வைத்துத் தைத்தார்கள். அதை நன்றாகவே செய்தார்கள். பிறகு ‘கரண்ட்’ (கதிர்வீச்சு) வைத்து, உணவு செலுத்திய மூக்குக் குழாயை எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கஞ்சி குடித்தாலே புரையேறியது. இரண்டு விரல்கூட நுழையாத அளவுக்குத் தாடை இறுகிவிட்டது. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காருவதையே விட்டுவிட்டார். இதற்கெல்லாம் பயிற்சி இருக்கிறது என்பது வெகுநாள் கழித்து, வேறொரு மருத்துவமனையில்தான் தெரியவந்தது.

வாய் 35 மில்லிமீட்டருக்குக் குறைவாகத் திறந்தால் தாடை இறுக்கம் என்று மருத்துவர்கள் கொள்கிறார்கள். கதிர்வீச்சு பட்ட தசை, சிகிச்சை முடிந்த பிறகும் மாதக்கணக்கில் இறுகும். அதனால் பயிற்சியைச் சீக்கிரம் தொடங்க வேண்டும். ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கிடையே வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக எண்ணிக்கையைக் கூட்டினால் போதும், செலவே இல்லை. தலையை எந்தப் பக்கம் சாய்த்து விழுங்குவது என்று சொல்லிக்கொடுத்தால் புரையேறுவது குறையும். மேலண்ணத்தை எடுத்தவர்களுக்கு ஓட்டையை அடைக்கும் பல்செட் பொருத்தாவிட்டால், குடிக்கும் தண்ணீர் மூக்கு வழியாக வரும், பேச்சும் புரியாது.

எனவே, இந்த அறுவை சிகிச்சை நடக்கும் ஒவ்வொரு மருத்துவமனையிலும் பேச்சுக்கும் விழுங்குவதற்கும் பயிற்சி தருபவரை அரசு கட்டாயம் நியமிக்க வேண்டும். பயிற்சியை வீட்டாருக்கும் செய்து காட்டிய பிறகே டிஸ்சார்ஜ் செய்ய வேண்டும். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வரும் பிசியோதெரபிஸ்டுகளுக்கும் இதைக் கற்றுத்தரலாம். காப்பீட்டுப் பணத்தை விடுவிக்கும்போது, நோயாளியின் வாய் எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது, எதை விழுங்க முடிகிறது என்ற குறிப்பையும் மருத்துவமனையிடம் கேட்டு வாங்க வேண்டும். கணக்குக் கேட்டால்தான் கவனிப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திண்டிவனம்