உத்திரமேரூரில் ஓநாய் ஏது?

எங்கள் தெருப் பையன்கள் இருவர் பேய்க்கதை பாட்காஸ்ட் தொடங்கப் போகிறார்கள். ஒருவன் செல்போன் கடையில் இருக்கிறான். இன்னொருவன் டிகிரி முடித்துவிட்டு குரூப் 4-க்குப் படிக்கிறான். வாரம் ஒரு பாகமாகத் தொடர் நாடகம், காதால் கேட்க மட்டும். "மாமா, கதையை நீங்க பாத்துக் குடுங்க, சவுண்டை நாங்க பாத்துக்குறோம்" என்று முதல் பாகத்தைப் போட்டுக் காட்டினார்கள். இடி இடித்தது. மரக்கதவு கிரீச்சிட்டது. எங்கோ சர்ச் மணி அடித்தது. பிறகு ஓநாய் ஊளையிட்டது. கதை நடப்பதோ உத்திரமேரூர் ஏரிக்கரையில்!

இணையத்தில் சும்மா கிடைக்கிற ஒலிகள். பையன்களைச் சொல்லிக் குற்றமில்லை. தமிழில் பேய்க்கதை பாட்காஸ்ட்டுகளுக்குக் குறைவில்லை. ஆனால் நான் கேட்டவரை பலவற்றில் ஒருவர் கதையை வாசிக்கிறார், பின்னால் அதே வெள்ளைக்கார ஓநாய் ஓயாமல் கத்துகிறது. கல்கத்தா ரேடியோ மிர்ச்சியில் 2009-ல் ஆரம்பித்த 'சண்டே சஸ்பென்ஸ்' நிகழ்ச்சியில் வங்கத்தின் பேய்க்கதைகளையும் துப்பறியும் கதைகளையும் குரலிலேயே நடித்துக் காட்டி, கேட்பவர்களை ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்க வைத்தார்கள். நமக்கு அந்த அளவுக்கு ஒன்று வாய்க்கவில்லை என்பது என் ஆதங்கம்.

வானொலி நாடகம் நமக்கொன்றும் புதிதில்லை. சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16-ல் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபர் 30-ல்தான் அமெரிக்காவில் ஆர்சன் வெல்ஸ், செவ்வாய்க் கிரகத்துக்காரர்கள் படையெடுத்து வருவதாக நாடகம் போட்டார். நாடே தெருவுக்கு ஓடிவந்தது என்று மறுநாள் பத்திரிகைகள் எழுதியதில் மிகை நிறைய. (எங்கள் தொழிலின் வழக்கம் அன்றும் அதுதான்.) ஆனாலும் சிலர் உண்மையிலேயே பயந்தார்கள். நடன இசை போய்க்கொண்டிருக்கும்போது நடுவில் நிறுத்தி, செய்தி வாசிக்கிற தோரணையில் நாடகத்தை நடத்தினார் வெல்ஸ். தினமும் கேட்டுப் பழகிய குரல் அது. அதனால்தான் நம்பினார்கள்.

கேட்டுப் பழகிய சத்தம்தான் நம்ப வைக்கும். பையன்களிடம் இதைத்தான் சொன்னேன். ராத்திரி ஏரிக்கரைக்குப் போங்கடா, காதைத் திறந்து வையுங்க. இது சாதாரண ஏரியா? கல்வெட்டில் வைரமேக தடாகம் என்று பெயர் வாங்கியது. இதைப் பார்த்துக்கொள்ளவே ஏரி வாரியம் என்று ஒன்று இருந்ததை, வைகுண்டப் பெருமாள் கோயிலில் பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் சொல்கின்றன. குடவோலைத் தேர்தலைச் சொல்லும் அந்தக் கல்வெட்டுகளைப் பார்க்க ஊருக்கு வருகிறவர்கள் யாரும் இருட்டும்வரை தங்குவதில்லை. தங்கினால் ஆள்காட்டிக் குருவியைக் கேட்கலாம். கரைமேல் மனிதக் கால் பட்டால் போதும், வீல் வீலென்று கத்திக்கொண்டு எழும்பும். கதையில் இதைவிட என்ன வேண்டும்? வீட்டுக்குள் இருவர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். தொலைவில் ஆள்காட்டி ஒரு தரம் கத்துகிறது. அவர்கள் கவனிக்கவில்லை. கேட்கிறவன் கவனித்துவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து, முன்னைவிடக் கிட்டத்தில் கத்துகிறது. "யாரோ வர்றாங்க" என்று ஒருத்தரும் வசனம் பேச வேண்டியதில்லை.

தவளைகளும் அப்படித்தான். மழைக்காலத்தில் வயலெல்லாம் கத்தும். ஆள் நெருங்கினால் அந்தப் பக்கம் மட்டும் சட்டென்று அடங்கும். அந்த அடக்கத்தைப் பதிவுசெய்யத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. விடியுமுன் வரும் குடுகுடுப்பைக்காரரின் சத்தத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கதவைத் திறக்காமல் படுத்தபடியே, என்ன சொல்லப் போகிறாரோ என்று வயிறு கலங்கிய தலைமுறை இன்னும் இருக்கிறது. அவர் பேயுமில்லை, பேயோட்டியுமில்லை, பிழைக்க வந்த மனிதர். கதையில் அவரை வில்லனாக்காதே என்றும் சேர்த்துச் சொன்னேன்.

ஒலிப்பதிவுக்கு ஸ்டுடியோ தேவையில்லை. சுவரோரம் மெத்தையை நிமிர்த்தி, மேலே போர்வையைக் கட்டினால் எதிரொலி அடங்கிவிடும். ஃபேனை நிறுத்தணும், ஃபிரிட்ஜையும்தான். மும்முனை மின்சாரம் வந்தால் நாலாபக்கமும் மோட்டார் ஓடும், அப்போது மைக்கைத் தொடாதே. எலும்பு முறிகிற சத்தத்துக்கு வெளிநாட்டில் செலரித் தண்டை ஒடிக்கிறார்கள். நாங்கள் முருங்கைக்காயை ஈரத்துணியில் சுற்றி மைக் பக்கத்தில் முறித்துப் பார்த்தோம். செல்போன் கடைக்காரன் சாம்பார் சாப்பிட மாட்டேன் என்கிறான்.

குரலுக்குக் கூத்துக்காரர்களைக் கேட்கலாம் என்றேன். 1990-ல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் காஞ்சிபுரம் பக்கம் புஞ்சை அரசந்தாங்கலில் இருக்கிறது, சுற்றுப்பட்டுக் கிராமங்களில் ஜமாக்கள் என்கிற கூத்துக் குழுக்களும் இருக்கின்றன. ஒரு சிக்கல்: விடிய விடிய திறந்த வெளியில் பாடிப் பழகிய தொண்டை, ஒரு சாண் தூரத்து மைக்கில் கிசுகிசுக்கச் சொன்னால் திணறும். ஆனால் கூத்தில் கட்டியங்காரன் என்று ஒருவன் இருக்கிறானே, கதைக்கு உள்ளேயும் இருப்பான், வெளியே வந்து நம்மோடும் பேசுவான், திகில் தொடருக்கு அவனைவிடப் பொருத்தமான கதைசொல்லி கிடையாது. சிரிக்க வைத்துக்கொண்டே இருப்பவன் ஒரு பாகத்தில் சிரிப்பை நிறுத்தினால் போதும்.

பழங்கதை வேண்டுமென்றால் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' இருக்கிறது. அவர் இறந்தது 1948-ல். அவர் எழுத்தைத் தமிழக அரசு 2002-ல் நாட்டுடைமையாக்கிவிட்டது, உரிமைத் தொல்லை இல்லை.

பையன்களுக்கு அது பிடிக்கவில்லை. ஊர்க்கதைதான் வேண்டுமாம், ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு கிணற்றின் கதை. அங்கேதான் நான் முட்டுக்கட்டை போட்டேன். சினிமாப் பேய்க்கு ஊர் பேர் கிடையாது. கிராமத்துப் பேய்க்குத் தெரு உண்டு, வீடு உண்டு, அந்த வீட்டில் இன்றைக்கும் அம்மா இருப்பாள். அநேகமாக அது கிணற்றில் விழுந்த பெண்ணாகவோ தூக்கில் தொங்கிய மருமகளாகவோதான் இருக்கும். ஏன் விழுந்தாள் என்று யாரும் கேட்க மாட்டார்கள், உச்சி வேளையில் அந்தப் பக்கம் போகாதே என்பதோடு ஊர் முடித்துக்கொள்ளும். அந்தப் பெயரை ஒலிபெருக்கியில் போட நமக்கு உரிமை இல்லை. "பேரை மாத்திடுறோம் மாமா" என்றான் படிக்கிற பையன். பேரை மாற்றினால் போதாது, கிணற்றையும் மாற்று, சாவையும் மாற்று என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனவர்கள், கிணறே இல்லாமல் ஏரி மதகை வைத்து வேறு கதையோடு வந்தார்கள். முந்தியதைவிட நன்றாகவே இருக்கிறது.

ஏரிக்கரை, வயல்வெளிப் பக்கம் வீடு உள்ள வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். மோட்டார் ஓடாத ராத்திரி ஒன்றில் போனை ஜன்னலில் வைத்துப் பத்து நிமிடம் பதிவுசெய்து இந்தப் பத்திரிகை முகவரிக்கு அனுப்புங்கள். இடமும் நேரமும் குறித்து அனுப்பினால் நல்லது. ஓநாய் மட்டும் வேண்டாம்.